மதுரையிலிருந்து சென்னைக்கு: நடந்தே குடித்தனம் செய்ய எந்தப் பகுதி?

கேட்டிருந்தது இது: கணவருக்கு மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றல், அலுவலகம் கிண்டியில். 9 வயதுப் பையன், 4 வயதுப் பெண், கூடவே முழங்கால் வலியுள்ள மாமியார். வாடகை 25,000 ரூபாய் வரை. கார் இல்லை, ஒரு ஸ்கூட்டர் மட்டும். மேல மாசி வீதிப் பக்கம் இருந்து பழகியதால் கடை, பள்ளி, கோயில், டாக்டர் எல்லாம் காலடியில் இருந்தன. சென்னையிலும் அப்படி இருக்க எங்கே வீடு பார்ப்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நங்கநல்லூரை முதலில் பாருங்கள். அடுத்து மேற்கு மாம்பலம். மூன்றாவது கே.கே. நகர். இந்த மூன்றிலும் தோதாக எதுவும் அமையாவிட்டால் மட்டும் வேறு பக்கம் போங்கள். ஏன் இந்த மூன்று, அவற்றிலும் எந்த மாதிரித் தெருவை ஒதுக்க வேண்டும், நேரில் வரும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று இனி விவரமாக எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரி. 2011இல் சென்னைக்கு வந்தேன். நடைபாதை போடும் வேலைகளுக்குத் தெருத் தெருவாக அளவெடுத்துக் கொடுப்பது என் தொழில். அப்படி இருந்தும் வந்த புதிதில் வீடு பிடித்ததில் தவறு செய்தேன். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. உள்ளேயே பூங்கா, நீச்சல் குளம், வாசலில் இரவும் பகலும் காவலாளி. பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டோம். மகளின் பள்ளி வரைபடத்தில் 600 மீட்டர். ஆனால் அது சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் தடுப்புச் சுவரோடு ஆறு வழிச் சாலை. ஒழுங்காகக் கடக்கிற இடத்துக்குத் தெற்கே முக்கால் கிலோமீட்டர் போக வேண்டும், அதனால் எல்லோரும் தடுப்புச் சுவரின் இடைவெளி வழியாகவே கடப்பார்கள்.

அவளுக்கு அப்போது 6 வயது. முதல் மூன்று நாள் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். நாலாம் நாள் நடுவில் நின்றபோது ஒரு கம்பெனி பஸ் எங்களை உரசினாற்போல் போயிற்று. அவள் பையின் பட்டை காற்றில் எழும்பிக் கன்னத்தில் அடித்தது. அவள் அழவில்லை. என் ஒரு கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வண்டிகள் ஓய்ந்த பிறகும் நகராமல் நின்றாள். அன்று மாலையே வேன் பேசினேன். 600 மீட்டருக்கு வேன், அதுவும் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றி வர 40 நிமிடம். தயிர் பாக்கெட் வாங்க வேண்டுமானாலும் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம் முடிந்த அன்றே காலி செய்தோம்.

அதற்குப் பிறகு யார் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது தூரத்தை அல்ல. நடுவில் பெரிய ரோடு எத்தனை என்றுதான் கேட்கிறேன். 900 மீட்டரில் இருந்தாலும் உள்தெரு வழியாகவே போய்விடலாம் என்றால் அது பக்கம். 300 மீட்டரில் இருந்தாலும் நடுவே நூறடி ரோடு ஓடினால் அது தூரம்.

நீங்கள் இருந்த இடத்தையே எண்ணிப் பாருங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள். அவற்றுக்கு இடையே எத்தனையோ சந்துகள். ஒரு வீதியில் தேரோ ஊர்வலமோ வந்துவிட்டால் அடுத்த சந்தில் திரும்பிப் போவீர்கள். கீழே கடை, மேலே வீடு. உங்களுக்கு நடை சுலபமாக இருந்ததற்குக் காரணம் நடைபாதை அல்ல. மாசி வீதியில் நடைபாதை என்று பெரிதாக எதுவும் இல்லாமலே நடந்து பழகியிருப்பீர்கள். தெருக்கள் குட்டை குட்டையாக, ஒன்றோடொன்று பின்னியிருந்ததுதான் காரணம். சென்னையில் தேட வேண்டியதும் அந்தப் பின்னல்தான்.

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து ஒரு தாளில் இதைச் செய்யுங்கள். பெரிய சாலைகள், ரயில் பாதை, ஆறு, கால்வாய் ஆகியவற்றை மட்டும் கோடாகப் போடுங்கள். கோடுகளுக்கு நடுவே தீவு தீவாக இடங்கள் பிரியும். ஒரு தீவுக்குள்ளேயே தொடக்கப்பள்ளி, காய்கறி, மருந்துக் கடை, குழந்தை டாக்டர், பூங்கா, பஸ் நிறுத்தம் இவ்வளவும் அமைந்தால் அது உங்கள் பகுதி. பெரியவர்கள் ஒரு கிலோமீட்டரை 12 முதல் 15 நிமிடத்தில் நடந்துவிடுவோம். 4 வயதுக் குழந்தை கையில் இருந்தால் இருமடங்கு ஆகும், வழியில் ஒரு நாய்க்குட்டி நின்றால் இன்னும் கூட. ஆகவே சின்னவளுக்கு அரை கிலோமீட்டர், பெரியவனுக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளைப் போட்டுப் பார்த்தாலே சென்னையில் எந்தப் பகுதி எப்படி உருவானது என்பது தெரிந்துவிடும். தியாகராய நகர் 1920களில் திட்டம் போட்டுக் கட்டியது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்தவை. அங்கெல்லாம் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றையொன்று வெட்டும். மயிலாப்பூர் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் நடந்தால் உங்களுக்கு மதுரை ஞாபகம் வரும். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கதை வேறு. வயல் வரப்பாகவும் கிராமத்து வண்டிப் பாதையாகவும் இருந்ததன் ஓரத்தில், ஒவ்வொருவரும் தனித்தனியாக மனை பிரித்து, எல்லாவற்றின் வாயும் ஒரே பெரிய சாலையில் வந்து முடிகிற மாதிரி விட்டார்கள். மாடியில் நின்றால் பக்கத்து மனைப்பிரிவில் இருக்கும் தோழியின் வீட்டு மொட்டைமாடி தெரியும். அவள் வீட்டுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும். அந்தப் பக்கத்திலேயே வேலை, கார் வசதி, பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் அங்கே இருக்கலாம். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

இனி நங்கநல்லூர். கிண்டி வேலைக்கு இது கை நீட்டுகிற தூரம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது பரங்கிமலை, அதற்கடுத்தது கிண்டி. உள்ளே பிரதான சாலைகளும் குறுக்குத் தெருக்களும் எண் போட்டு வரிசையாக இருக்கும், வழி தவறாது. தெருவுக்குத் தெரு கோயில், 32 அடி ஆஞ்சநேயர் பக்கத்தில் பூக்கடை, காய்க்கடை. மாமியாருக்கு மாலைப் பொழுது போகிற ஊர். உள்தெருக்களில் நடைபாதை கிடையாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 20 அடித் தெருவில் வண்டிகள் மெதுவாகத்தான் போக முடியும். அதன் நடுவில் நடப்பது, அகலமான சாலையில் நடைபாதையோடு நடப்பதைவிடப் பிள்ளைகளுக்குப் பத்திரம். அளவெடுக்கிற வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

பக்கத்து ஆலந்தூரோடு நங்கநல்லூரும் ஒரே நகராட்சியாக இருந்த காலத்தில் மக்களே வைப்புத்தொகை கட்டிப் பாதாளச் சாக்கடை போட்டுக்கொண்டார்கள். நாடு முழுக்க உதாரணமாகச் சொல்லப்பட்ட திட்டம் அது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது இந்தப் பகுதியும் உள்ளே வந்தது. அப்போது சேர்ந்த பல பகுதிகளில் சாக்கடைக்காகப் பின்னால் தோண்ட ஆரம்பித்த பள்ளங்களைப் பிள்ளைகளோடு தாண்டியவர்களுக்கு, முன்பே போட்டு முடித்திருந்ததன் அருமை தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விமான நிலையம் பக்கம் என்பதால் விமானச் சத்தம் உண்டு, சில தெருக்களில் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும். மெட்ரோவில் நங்கநல்லூர் சாலை என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தாம்பரம் போகிற நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் கன மழைக்குத் தண்ணீர் நிற்கும். ஆகவே ரயில் பாதைக்குக் கிழக்கே, பழவந்தாங்கல் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள். மெட்ரோவை மறந்துவிடுங்கள்.

மேற்கு மாம்பலம் என் மனசுக்கு மிக நெருக்கமான இடம். நாங்கள் காலி செய்துகொண்டு வந்து சேர்ந்தது இங்கேதான். மாம்பலத்தில் ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. ஆரிய கவுடா சாலையும் அயோத்தியா மண்டபமும் ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக் கடைகளும் ஒரே தீவுக்குள். லேக் வியூ சாலையில் தர்ம ஸ்தாபனமாக நடக்கிற பப்ளிக் ஹெல்த் சென்டர் இருக்கிறது, முழங்காலுக்கு எலும்பு மருத்துவரைப் பார்க்க ஆட்டோ பிடிக்க வேண்டாம். கிழக்கே ரயில் பாதை, அதற்கப்பால் தியாகராய நகர். ஒரு காலத்தில் அங்கே போக துரைசாமி சுரங்கப்பாதையோ, ரங்கநாதன் தெரு நெரிசலோ என்ற நிலை. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதையை 2023 மே மாதம் திறந்த பிறகு, பண்டிகைக் கூட்டத்திலும் தெருவில் இறங்காமல் பஸ்ஸுக்குப் போய்விடலாம். 2019 நவம்பரில் தியாகராய நகரின் பாண்டி பஜாரை அகல நடைபாதையாக மாற்றியதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற கடைவீதி இந்த ஊரில் அபூர்வம்.

ஆனால் தண்ணீர். லேக் வியூ சாலை என்று பெயர் இருக்கிறதே, எங்கே அந்த ஏரி என்று கேளுங்கள். மாம்பலத்தில் நெடுக ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். ஏரி போய் நூறு வருஷம் ஆகியும் மழைத் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் முழங்கால் அளவுக்கு நின்றது. சென்னையில் வீடு பார்க்கும்போது பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்தவை. ஏரிக்கரை, லேக் ஏரியா, டேங்க் பண்டு என்று பலகை இருந்தால் எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் தண்ணீர் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கரைப் பக்கத்து வீடு தப்பும். அதற்காக ஒரு பகுதியையே தள்ளிவிட வேண்டாம், தெருவுக்குத் தெரு மாறும். வேளச்சேரியில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே தாழ்ந்த பகுதிகளில் மக்கள் படகில் வெளியேறினார்கள்.

என் தம்பிக்கு மேற்கு மாம்பலத்தில் வீடு பார்த்தபோது நடந்தது இது. தரைத் தளம், நல்ல வெளிச்சம், வீட்டுக்காரர் தங்கமான மனிதர். “இந்தத் தெருவுல தண்ணியே நிக்காதுங்க” என்றார். வெளியே வந்ததும் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி. எந்தத் தெருவாக இருந்தாலும் நான் விசாரிப்பது இஸ்திரிக்காரரிடம்தான். காலை முதல் இருட்டுகிற வரை தெருவைப் பார்த்தபடி நிற்பவர் அவர் ஒருவர். “2015ல இங்க தண்ணி வந்துச்சாண்ணே?” என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நாங்கள் பார்த்துவிட்டு வந்த வீட்டு வாசலுக்கே கூட்டிப் போனார். “சுவத்துக்கு வெள்ளை அடிச்சிட்டாங்கம்மா. ஆனா ஈ.பி. பெட்டியைப் பாருங்க.” மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே இரண்டடி தள்ளி, பழைய பெட்டி இருந்த நாலு ஆணி ஓட்டைகள் சிமெண்டால் அடைத்த தடம். அந்தத் தெருவில் ஒன்பது வீடுகளில் பெட்டி அப்படி உயர்ந்திருந்தது. அடுத்த தெருவுக்குப் போனோம், எல்லாப் பெட்டியும் பழைய உயரத்திலேயே இருந்தன. தம்பி அந்த அடுத்த தெருவில் முதல் மாடியில் குடியேறினான்.

இன்னொரு தடயம், வாசல் மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதால் பழைய வீடுகளின் வாசல் ரோட்டைவிடத் தாழ்ந்து கிடக்கும். கேட்டுக்குள் இறங்கிப் போகிற வீடு என்றால் மழைக்காலத்தில் மோட்டார் வைத்து இறைக்க வேண்டிவரும்.

கே.கே. நகரைப் பற்றிச் சுருக்கமாக. மூன்றில் மரமும் அகலமும் இங்கேதான் அதிகம். சிவன் பூங்கா பிள்ளைகளுக்குப் பெரிய வரம், இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளேயே இருக்கிறது, சொந்தப் பேருந்து நிலையமும் உண்டு. குறை, கிண்டிக்கு நேர் ரயில் இல்லை. அசோக் நகர் மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் மாற வேண்டும், இல்லாவிட்டால் பஸ். ராஜமன்னார் சாலைப் பக்கம் மழைத் தண்ணீர் நிற்கும், அங்கே முதல் மாடிக்குக் கீழே வேண்டாம். வாடகையில் உங்கள் தொகைக்கு நல்ல வீடு அமையலாம், கொஞ்சம் நடந்து தேட வேண்டும்.

மயிலாப்பூர், மந்தைவெளி, பெசன்ட் நகர், அண்ணா நகர் நான்கும் நடப்பதற்கு அருமையானவை. 25,000 ரூபாய்க்குள் ஐந்து பேருக்கு இடம் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் கிண்டிக்குப் போக மயிலாப்பூர், பெசன்ட் நகரிலிருந்து பஸ்ஸையே நம்ப வேண்டும். ஆசைக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

இப்போது தெருவுக்குள் வருவோம். நடைபாதை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். இருப்பது வேறு, நடக்க முடிவது வேறு. சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012இல் சொன்னபடி தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது ஆறடி அகலம், அரையடி உயரம். 2014இல் சென்னை மாநகராட்சியும் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று கொள்கை வகுத்தது. அதன்படி மாற்றிய சாலைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மற்ற இடங்களில் பழைய நடைபாதை ஒன்றேகால் அடி உயரம் இருக்கும். நடுவில் டிரான்ஸ்பார்மர், மின்பகிர்வுப் பெட்டி, அதற்குப் பின்னால் ஒருவர் நிறுத்திய புல்லட். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் காரை ஏற்ற வாசலில் சரிவு போட்டிருப்பார். ஆகவே பத்தடிக்கு ஒரு தரம் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் இதில் நடக்க மாட்டார்கள், ரோட்டில்தான் இறங்கி நடப்பார்கள். வீடு முடிவாகும் முன் உங்கள் மாமியாரை ஒரு தரம் கூட்டி வந்து கோயில் வரைக்கும் போய்த் திரும்பச் சொல்லுங்கள். எங்கெங்கே உங்கள் தோளைப் பிடிக்கிறார் என்று கவனித்தால் போதும்.

அதைவிட முக்கியம், தெருவைப் பார்க்கிற கண்கள். புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிகளில் தரைத் தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம், முன்னால் பெரிய இரும்பு கேட். அப்படி வரிசையாக ஐந்தாறு கட்டடம் வந்துவிட்ட தெருவில் திண்ணையும் கிடையாது, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவரும் கிடையாது. பையன் விழுந்து எழுந்தாலும் பார்க்க ஆள் இருக்காது. காலையில் வாசல்களில் கோலம் இருக்கிறதா, யாராவது பால் வாங்கிக்கொண்டு நின்று பேசுகிறார்களா, முனையில் அண்ணாச்சி கடை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் 9 வயதுப் பையனைத் தனியாக அனுப்பித் தயிர் வாங்கி வரச் சொல்ல மனசு வருமா என்று அந்தத் தெருவில் நின்றே யோசியுங்கள். வராது என்று தோன்றினால் ஏன் என்று எண்ணிப் பாருங்கள். திருப்பத்தில் வேகமாக வரும் பைக்கா, மூடி இல்லாத மழைநீர் வடிகாலா, நாய்க் கூட்டமா, டாஸ்மாக் வாசலா? வடிகாலும் நாயும் புகார் கொடுத்துக் கொஞ்ச நாளில் சரியாகலாம். மற்ற இரண்டும் சரியாகாது.

தண்ணீரையும் கேளுங்கள். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் விடுகிற தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு தரம், போர் தண்ணீர் உப்பா, 2019 கோடையில் என்ன செய்தார்கள் என்று மூன்றே கேள்வி. அந்த வருஷம் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, தெரு முழுக்க லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. அந்தக் கேள்விக்கு வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டு அம்மா உண்மையான பதில் சொல்வார்.

பள்ளி விஷயத்தில் வீட்டுக்கு முன்பே பள்ளியை முடிவு செய்யுங்கள். பெயர் பெற்ற தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.க்கு இடம் கிடைப்பதைவிட நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு நடுவில் கிடைப்பது கஷ்டம். பையனுக்கு எங்கே இடம் உறுதியாகிறதோ அதைச் சுற்றித் தீவைப் பாருங்கள், இருவரும் ஒரே பள்ளி என்றால் காலை நேரம் உங்களுடையதாகும். மாநகராட்சிப் பள்ளிகளையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் உங்கள் மதுரையில்தான் தொடங்கியது, இங்கேயும் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது. கட்டடத்தையும் ஆசிரியரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், கேள்விப்பட்டதை வைத்து வேண்டாம். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பதையும் கணக்கில் எடுங்கள். பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் ஸ்கூட்டர் கணவரிடம் இருந்தாலும் உங்களுக்குக் கை கட்டினாற்போல் இருக்காது.

முன்பணத்தில் கவனம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. “வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால்” என்ற அந்தச் சொற்களில்தான் பேரம் நடக்கும், ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வருபவர்கள் உண்டு. முதல் வருஷம் வாடகைக்கே இருங்கள். சொந்த வீடு வாங்கும் பேச்சை ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தத் தெருவில் பார்த்த பிறகு எடுங்கள்.

கடைசியாக, பார்க்க வரும் நாள். புரோக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்வார்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு சென்னையின் எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். செவ்வாயோ புதனோ வாருங்கள். முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கலாம். அங்கேயே மின்சார ரயில் மாறிப் பழவந்தாங்கல். இருட்டு பிரிகிற நேரத்தில் ஆவின் பூத்தில் பால் வாங்க யார் வருகிறார்கள், தெருவிளக்கு எத்தனை எரிகிறது என்று பாருங்கள். ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஒரு காபி குடித்துவிட்டு, ஏழே முக்காலிலிருந்து எட்டரை வரை ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் வண்டியில் வந்து இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். நடந்து வருகிறவர்களில் பெரியவர் துணை இல்லாமல் வருகிற பிள்ளைகளைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ரயிலில் மாம்பலம். வெயில் ஏறியதும் ஆரிய கவுடா சாலையில் நிழல் இருக்கிற பக்கமாகவே நடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பகலுணவு முடித்து மாலை கே.கே. நகர் சிவன் பூங்காவுக்கு வாருங்கள். இரவு எட்டரைக்கு, பார்த்த தெருக்களில் மனசுக்குப் பிடித்த ஒன்றுக்கு மட்டும் திரும்பிப் போய், டியூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரவு ரயிலுக்கு எழும்பூர் போக நேரம் இருக்கும். வருவதற்கு முன் பையனின் பள்ளி எது என்று முடிவாகியிருந்தால் எழுதுங்கள், அந்தப் பள்ளியைச் சுற்றி எந்தத் தெருக்களைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.